முடுக்கைக் கேளுங்கள் என்றோம்

வீடு விற்கிறவர் தரகரிடம் என்ன எதிர்பார்க்கலாம் என்று யாராவது என்னைக் கேட்டால், நல்ல விலை என்று நான் சொல்ல மாட்டேன். விலை கூடுவதும் குறைவதும் ஊர் நிலவரம். நாணயம் வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன். தரகுக் கூலிக்கு அதையெல்லாம் வாங்க முடியாது. நான் சொன்னதை அந்தப் பக்கம் போய்ச் சொல்ல வேண்டும், அவர்கள் சொன்னதை இந்தப் பக்கம் வந்து சொல்ல வேண்டும். இவ்வளவுதான் நான் கேட்பது. சுமைகூலிக்காரன் மூட்டையை வழியில் பிரிக்காமல் கொண்டுபோய்ச் சேர்க்கிறான், அதே வேலைதான். அந்தச் சின்ன வேலையை ஒரு மனிதர் செய்யாததால் என் அம்மா தன் வீட்டை இழந்தாள். இத்தனை வருஷமாகியும் எனக்கு ஆறவில்லை. ஆற வேண்டும் என்ற ஆசையும் இல்லை.

எங்கள் வீடு மதுரையில் தெற்குவாசல் பக்கம் ஒரு நெருக்கமான தெருவில் இருந்தது. முன்கட்டில் அத்தாவின் கைலிக் கடை. பின்கட்டில் இரண்டு அறை, அடுப்படி, முற்றம், கிணறு. வாசல் போக மற்ற மூன்று பக்கமும் அடுத்த வீடுகளின் சுவர்கள். கடையை ஒட்டி வடக்குப் பக்கத்தில், ஓர் ஆள் நடக்கிற அகலத்துக்கு, முற்றத்திலிருந்து தெரு வரைக்கும் ஒரு முடுக்கு போகும். முற்றத்தில் அதற்கு ஒரு கதவு, தெரு முனையில் ஒரு சின்னக் கதவு. வீட்டுப் பெண்கள் போவதும் வருவதும் அந்த வழியாகத்தான். அம்மா கோஷா, அந்நிய ஆண் கண்ணில் படாதவள். நிக்காஹ் ஆகி அந்த வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து அவள் கடைக்குள் கால் வைத்ததில்லை. வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு முடுக்கில் இறங்கி, சின்னக் கதவைத் திறந்து இரண்டு பக்கமும் பார்த்து, எதிர்ச் சந்துக்குள் நுழைந்துவிட்டால் போதும். தன் தங்கை வீடு, பிள்ளை பெற்ற வீடு, சாவு விழுந்த மய்யித்து வீடு என்று எல்லா இடத்துக்கும் போய்விடுவாள். மற்றவர்களுக்கு அது முடுக்கு, அவளுக்கு அதுதான் ஊர். அதற்குள் நடந்து நடந்து நடுவில் தரை வழவழவென்று ஆகியிருந்தது.

யுத்தம் தொடங்கியிருந்த காலத்தில் அத்தா மவுத்தானார். எங்களுக்கு அண்ணன் தம்பி கிடையாது. நானும் ஒரு தங்கையும்தான். என் மச்சான் கொழும்பில் ஒரு கடையில் சம்பளத்துக்கு இருந்தார். கணவரை மச்சான் என்றுதான் எங்கள் வீடுகளில் சொல்வோம். அம்மா இத்தா இருக்கும்போது துணைக்கு ஆள் வேண்டும் என்று நான் தாய்வீட்டுக்கு வந்துவிட்டேன். கணவன் போனவள் நாலு மாதம் பத்து நாள் வெளியே போகாமல், அந்நிய ஆண் முகம் பார்க்காமல் இருப்பதுதான் இத்தா. கடையில் உட்கார ஆம்பளை இல்லை. தங்கைக்கு நிக்காஹ் செய்ய வேண்டும். வீட்டை அத்தா, நிக்காஹுக்காகப் பெண்ணுக்குத் தர வேண்டிய மஹருக்குப் பதிலாக அம்மா பேரிலேயே எழுதி வைத்திருந்தார். அதனால் முடிவு அவளுடையது. முன்கட்டை விற்றுவிட்டுப் பின்கட்டில் நாம் இருந்துகொள்ளலாம் என்று அவளே சொன்னாள். நல்ல முடிவுதான். இன்றைக்கும் அதில் ஒரு குற்றம் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

தரகர் எங்கள் தெருக்காரர், எங்கள் ஜமாஅத்துக்காரர். தொழுகையில் முதல் வரிசையில் நிற்கிறவர். அம்மாவைத் தங்கச்சி என்பார், நாங்கள் அவரை மாமு என்போம். வெளித் தரகரை வைத்துக்கொண்டால் ஏமாற்றிவிடுவான், இவர் நம்ம ஆள் என்று அம்மா நினைத்தாள். வேலி நன்றாக இருக்கிறதா என்று பார்த்தோமே தவிர, வேலியே பயிரை மேயும் என்று யார் நினைத்தார்கள்? அவர் முந்தி அலங்காநல்லூர்ப் பக்கம் மாட்டுத் தரகு பார்த்தவர். வயசான பிறகு சந்தைக்கு அலைய முடியாமல், டவுனுக்குள்ளேயே வீடு, மனை என்று மாறிக்கொண்டார். தொழில் மாறியதே ஒழியக் கை மாறவில்லை.

மாட்டுச் சந்தையில் ஒரு வழக்கம் உண்டு. விற்கிறவனும் வாங்குகிறவனும் நேருக்கு நேர் விலை பேச மாட்டார்கள். தரகர் தோள் துண்டை எடுத்து விரிப்பார். துண்டுக்கு அடியில் ஒருவர் கையை ஒருவர் பிடித்து, விரலைத் தொட்டும் அழுத்தியும் பேரம் பேசுவார்கள். சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. அதே துண்டை எங்கள் கடைக்குள்ளும் அவர் விரித்தார். கடைக்கும் பின்கட்டுக்கும் நடுவில் உள்ள நிலையில் நாங்கள் திரை கட்டியிருந்தோம். திரையின் ஓரத்து இடுக்கு வழியாக நான் பார்த்தேன். அத்தா உட்காரும் இடத்தில் தரகரும், வாங்க வந்தவரும் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் துண்டு. அதற்கு அடியில் எலி ஓடுகிற மாதிரி அசைவு. இரண்டு பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்திருக்கக் கூடாது.

வாங்க வந்தவர் சமயநல்லூரிலிருந்து வந்த வத்தல் வியாபாரி. தெற்குவாசலில் மிளகாய் வத்தல் மண்டி போட இடம் தேடிக்கொண்டிருந்தார். நெற்றியில் திருநீறு, அதிகம் பேசாத ஆள்.

அவர் வருவதற்கு முன்பே அம்மா திரைக்குப் பின்னால் இருந்து தரகரிடம் சொல்லிவிட்டாள். எனக்கு அந்த வார்த்தைகள் அப்படியே நினைவிருக்கின்றன.

"அண்ணே, வெலை கொஞ்சம் முன்னப் பின்ன இருந்தாலும் இருக்கட்டும். முடுக்கு மட்டும் எங்களுக்கு வேணும். அத மொதல்ல கேட்டுருங்க. அவரு முடியாதுண்டு சொன்னா வெலையே பேச வேணாம்."

"அத நீ சொல்லணுமா தங்கச்சி? பொம்பளைப் புள்ளைக போக வர வழி வேணாமா? நான் பாத்துக்கிறேன்."

பேரம் முடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்த தரகர், விலை படிந்துவிட்டது என்றார். அம்மா விலையைக் கேட்கவில்லை. "முடுக்கு?" என்றாள்.

"அதுவும் சொல்லியாச்சு. ஒத்துக்கிட்டாரு. தங்கமான மனுசன்."

அம்மா அல்ஹம்துலில்லாஹ் என்றாள். நானும் சொன்னேன். ஆனால் எனக்குள் ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. துண்டுக்கு அடியில் ஆனையைப் பேசலாம், பூனையைப் பேசலாம், எல்லாவற்றுக்கும் விலைதான் பேசலாம். பெண்பிள்ளைகளுக்கு வழி விடுங்கள் என்பதற்கு எந்த விரலைத் தொடுவது? வாய் திறந்து அவர் பேசியதை நான் பார்க்கவே இல்லையே. இதை அம்மாவிடம் சொன்னேன். "அவரு என்ன, நமக்குத் தெரியாதவரா?" என்று அவள் என் வாயை அடைத்தாள்.

கோஷாப் பெண்கள் ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போக வேண்டியதில்லை. அதற்கென்று கட்டணம் கட்டினால் அதிகாரி வீட்டுக்கே வருவார். அப்படி வந்தார். கடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் பத்திரம் எழுதினவர், சாட்சிகள், வத்தல் வியாபாரி. திரைக்கு இந்தப் பக்கம் அம்மா, நான், தங்கை. பத்திரம் எழுதினவர் மூச்சு விடாமல் வாசித்தார். அந்த நடை யாருக்குப் புரியும்? ஆனாலும் எல்லை வாசிக்கும்போது காதைக் கூர்மையாக்கிக்கொண்டேன். வடக்கு எல்லை அடுத்த வீட்டுச் சுவர் என்று வந்தது. அடுத்த வீட்டுச் சுவர் என்றால் முடுக்கைத் தாண்டியல்லவா இருக்கிறது? அம்மாவின் தொடையைக் கிள்ளினேன். அவளுக்கும் அது கேட்டிருந்தது.

எங்களுடைய முட்டாள்தனம் நடந்தது இங்கேதான். பெண்ணின் முகம் மட்டும் மறைத்தால் போதாது, குரலும் அந்நிய ஆண் காதில் விழக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள் அம்மா. வத்தல் வியாபாரி கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தார். "ஐயா, எங்க முடுக்கு எங்க?" என்று ஒரு வார்த்தை சத்தமாகக் கேட்டிருந்தால் தீர்ந்தது. அவள் திரையோரம் விரலால் தட்டித் தரகரைக் கூப்பிட்டாள். அவர் குனிந்தார். அவர் காதுக்குள் கேட்டாள்.

அவரும் கிசுகிசுத்தார். "வாயால ஒத்துக்கிட்டாரு தங்கச்சி, போதும். பத்திரத்துல போடணும்னா எல்லாத்தையும் திருப்பி எழுதணும். அதிகாரி எந்திரிச்சுப் போயிருவாரு. இத்தாவுல இருக்கிற வீட்ல இம்புட்டு ஆம்பளைகள மறுபடி கூப்பிடுறதா?"

அந்தக் கடைசி வார்த்தையை எங்கே குத்த வேண்டும் என்று தெரிந்து குத்தினார். அம்மா திரையோரத்திலிருந்து தலையை எடுத்துக்கொண்டாள்.

அதிகாரி, சம்மதம்தானா அம்மா என்று கேட்டார். அம்மா "ம்" என்றாள். அது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. தரகர் அதை எடுத்து, "பூரண சம்மதம்ங்கிறாங்க" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். பிறகு அம்மா திரைக்கு அடியில் கையை நீட்டினாள். அதிகாரியோடு வந்த சேவகன் அவள் பெருவிரலில் மையைத் தடவி உருட்டி எடுத்தான். உள்ளே இருப்பது இன்னார்தான் என்று அடையாளம் சொல்லிக் கையெழுத்துப் போட்டவரும் தரகர்தான். சர்க்காருக்கு முன்னால் அம்மாவின் முகம் அவர், குரலும் அவர்தான். கையை உள்ளே இழுத்துக்கொண்ட அம்மா, விரலில் இருந்த மையைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் இருந்தாள்.

இத்தா முடியும் வரை நாங்கள் முற்றத்துக் கதவைத் திறந்து முடுக்கில் இறங்கவே இல்லை. இறங்க வேண்டிய வேலையும் இல்லை. வேண்டியதைச் சின்னம்மா வீட்டிலிருந்து ஆள் கொண்டுவந்து கடை வழியாகக் கொடுத்துவிட்டுப் போவார்கள். கடையில் இடிக்கிற சத்தமும் கட்டுகிற சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தது. மண்டிக்கு வேலை நடக்கிறது என்று நினைத்துக்கொண்டோம். இத்தா முடிகிறவளை ரத்த உறவுக்காரர் முதலில் தங்கள் வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சோறு போடுவது எங்கள் வழக்கம். சின்னம்மா வீட்டில் ஏற்பாடு ஆகியிருந்தது. அம்மா குளித்து, வெளுத்த சேலை உடுத்தி, துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, பிஸ்மி சொல்லி முற்றத்தில் இருந்த கதவைத் திறந்தாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் செங்கல் சுவர் இருந்தது. காரை இன்னும் ஈரம் காயவில்லை. சுவருக்குப் பின்னால் மூட்டை அடுக்குகிற சத்தம். மேலே பார்த்தால் முடுக்கு இருந்த வானம் தெரியவில்லை, புதுக் கூரை ஓடு தெரிந்தது. அம்மா அந்தச் சுவரை உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அங்கே இனி எதற்குத் தாழ்ப்பாள்? எனக்கு அந்த நேரத்தில் அழுகை வரவில்லை. யாரையாவது கடிக்க வேண்டும் போல் இருந்தது.

சின்னம்மா வீட்டில் சோறு ஆறிப்போனது. அன்றைக்கு அம்மா வெளியே போகவில்லை. மறுநாளும் போகவில்லை. வெளியே போக வேண்டும் என்றால் திரையைத் தூக்கிக்கொண்டு மண்டிக்குள் இறங்கி, தராசுக்கும் மூட்டைக்கும் சட்டை போடாத சுமையாள்களுக்கும் நடுவே நடந்து போக வேண்டும். வத்தல் நெடி வேறு. மூட்டை ஒன்று பிரித்தால் போதும், பின்கட்டில் நாங்கள் மூன்று பேரும் தும்மித் தும்மிச் சாவோம். குரல் வெளியே கேட்கக் கூடாத வீட்டில் நாள் முழுக்கத் தும்மல் மட்டும் கேட்டது.

தரகருக்கு ஆள் அனுப்பினோம். வெளியூர் போயிருக்கிறார் என்று பதில் வந்தது. மறுபடி அனுப்பினோம், காய்ச்சல் என்று வந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் முதல் வரிசையில் அவர் நின்றதைச் சின்னம்மா வீட்டுக்காரர் கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொன்னார். ஒருவழியாக வந்து, திரைக்கு வெளியே உட்கார்ந்து, தொண்டையைச் செருமினார்.

"அவரு இப்பிடிச் செய்வாருண்டு நான் நெனைக்கல தங்கச்சி. வாயால ஒத்துக்கிட்டவரு. என்ன செய்ய, எல்லாம் நசீபு."

தான் செய்ததை விதி என்று தூக்கி அல்லாஹ்வின் தலையில் வைத்தார். அதோடு விடவில்லை.

"பின்கட்ட வச்சுக்கிட்டு என்ன செய்யப் போற? வழியில்லாத எடத்த வேற எவன் வாங்குவான்? அவருக்கே குடுத்துரு. நான் பேசித் தாரேன்."

"நீங்க பேச வேணாம் மாமு" என்று நான்தான் சொன்னேன். என் குரல் மண்டி வரைக்கும் போயிருக்கும். அம்மா என்னை அடக்கவில்லை. அவர் எழுந்து போனார்.

அதற்கு மூன்றாவது நாள் மண்டியில் ஆள் குறைந்த மதிய நேரத்தில் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். "ஐயா, கொஞ்சம் இங்க வாங்க" என்று கூப்பிட்டாள். அந்நிய ஆணை அவள் கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வத்தல் வியாபாரி பதறிப்போய் வந்து நின்றார்.

"முடுக்க எங்களுக்கு விட்டுத் தாரேண்டு வாக்குக் குடுத்தீங்களே ஐயா. ஏன் அடைச்சீங்க?"



"யாருக்கும்மா வாக்குக் குடுத்தேன்?" என்றார். குரலில் கோபம் இல்லை. "முடுக்கப் பத்தி எங்கிட்ட ஒரு பேச்சும் வரலியே. அவுங்களுக்குப் பின்னால சந்துல வாசல் இருக்குன்னு தரகர் சொன்னாரு. பத்திரத்துல சேந்து வந்த எடந்தானேன்னு கட்டிப்புட்டேன்."

அம்மா திரைக்கு இன்னும் நெருங்கினாள். "நான் கேட்டிருந்தா?"

"கேட்டிருந்தா விட்டிருப்பேன்மா. எனக்கும் பொம்பளப் புள்ளைக இருக்கு. அம்புட்டு எடத்துல நான் என்ன கோட்டையா கட்டப் போறேன்? பத்திரத்துலயே எழுதிக் குடுத்திருப்பேன்."

இடித்துத் தர முடியுமா என்று அம்மா கேட்டாள். அவர் தயங்கினார். முடுக்கு இருந்த இடத்தில் மூட்டை அடுக்குகிற கிட்டங்கி அவருடைய கூட்டாளி பணத்தில் கட்டியது, அந்தச் சுவர் மேல்தான் உத்திரம் உட்கார்ந்திருக்கிறது, இனி அவர் ஒருவர் கையில் இல்லை என்றார். மண்டி வழியாகப் போய் வாருங்கள், யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள், நான் சொல்லி வைக்கிறேன் என்றார். மனதாரத்தான் சொன்னார். அவரை வெறுத்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

தரகர் ஏன் கேட்கவில்லை என்று அன்றைக்கு முழுக்க யோசித்தேன். பெரிய சதி ஒன்றும் இல்லை. கேட்டால் வத்தல் வியாபாரி யோசிப்பார், யோசிக்கிறவர் எழுந்து போய்விடலாம், போய்விட்டால் இரண்டு பக்கத் தரகும் போச்சு. அந்தப் பயம்தான். மாடு விற்பதில் இது செல்லும். விற்றவன் ஓர் ஊருக்குப் போவான், வாங்கினவன் ஓர் ஊருக்கு ஓட்டிப் போவான், தரகன் சொன்ன பொய் சந்தைத் திடலிலேயே கிடக்கும். இங்கே விற்றவளும் வாங்கினவரும் ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் மூச்சு விட்டுக்கொண்டு இருப்பார்கள் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. உறைத்திருந்தாலும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்.

கடைசியில் பின்கட்டும் வத்தல் வியாபாரிக்கே போனது. வழியில்லாத இடத்துக்கு என்ன விலை கிடைக்குமோ அது கிடைத்தது. இந்தத் தடவை துண்டு விரிக்கவில்லை. அம்மா திரைக்குப் பின்னால் நின்று அவளே பேசினாள். பத்திரத்தை நிறுத்தி நிறுத்தி வாசிக்கச் சொன்னாள். அதிகாரி கேட்டபோது "சம்மதம்" என்று அவள் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. குரல் வந்தது. காக்க வேண்டிய வீடுதான் இல்லாமல் போயிருந்தது. இதற்கும் தரகர் கூலி கேட்டு வந்தார். முதலில் இரண்டு பேரையும் சேர்த்து வைத்தவர் அவராம், அதனால் அந்த இடம் கைமாறும்போதெல்லாம் அவருக்குப் பாத்தியதையாம். வாசலில் சண்டை எதற்கு என்று வத்தல் வியாபாரி கொடுத்துத் தொலைத்தார்.

பழங்காநத்தத்தில் ஒரு வாடகை வீடு பார்த்திருந்தோம். சாமான்களை முன்னாடியே வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, காலையில் நாங்கள் மூன்று பேரும் கிளம்பினோம். அம்மா துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு திரையைத் தூக்கினாள். அந்த வீட்டில் வாழ்ந்த இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கடைக்குள் கால் வைத்தாள். அத்தாவின் கைலிகள் இருந்த அலமாரிப் பக்கம் வத்தல் மூட்டைகள் கூரை வரை அடுக்கியிருந்தன. வியாபாரி முன்பே சொல்லி வைத்திருப்பார் போல, சுமையாள்கள் எழுந்து முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்கள். தராசு பிடித்திருந்தவன் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினான்.

திரும்பாமல் இருந்தவர் ஒருவர்தான். தரகர் வாசலோரம் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "பாத்துப் போ தங்கச்சி" என்றார்.

அம்மா நின்றாள். துப்பட்டிக்குள்ளிருந்து, எல்லாரும் கேட்கும்படி, நிதானமாகக் கேட்டாள்.

"அண்ணே, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நீங்க கேட்டு, அவரு முடியாதுண்டு சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

அவருக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. இதில் கேட்க என்ன இருக்கிறது என்கிற மாதிரி பார்த்தார்.

"என்ன ஆகும், யாவாரம் முறிஞ்சிருக்கும்."

"முறிஞ்சிருந்தா நான் எம் வீட்ல இருந்திருப்பேன்ணே" என்றாள் அம்மா.

வண்டிக்காரன் தெருவில் காத்திருந்தான். அம்மா தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள்.